பற்றவைக்கும் முன் சுற்றிலும் பாருங்கள்

சாலையோர கிரில் பட்டறையில் வெல்டிங் கண்ணில் அடித்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடப்பவர் வெல்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல நேரம் அது ஹெல்பர் பையன். ஸ்கொயர் பைப்பை இரண்டு கையாலும் மூலைமட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "பிடிச்சிட்டேண்ணே, டேக் அடிங்க" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வானே, அவன்தான். வெல்டர் முகத்துக்கு முன்னால் ஷீல்டு இருக்கிறது. கையில் உறை இருக்கிறது. ராடு எந்த நொடியில் இரும்பைத் தொடும் என்பதும் அவருக்குத் தெரியும். பையனிடம் இந்த மூன்றும் கிடையாது. எதிர்க்கடையில் டீ ஆற்றுபவரிடமும், மூன்றாவது மாடியில் ஜன்னல் கிரில் வைக்கும்போது கீழே பைக் எடுக்க வருபவரிடமும் கிடையாது.

அதனால் இந்த அத்தியாயம், வெல்டர் எதை அணிய வேண்டும் என்று தொடங்கப் போவதில்லை. அது பின்னால் வரும், சுருக்கமாகவே வரும். முதலில் ஷீல்டு இல்லாதவர்களைக் கவனிப்போம்.

திருச்சியைச் சுற்றியுள்ள பெரிய ஃபேப்ரிகேஷன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'ஹாட் ஒர்க் பெர்மிட்' தெரிந்திருக்கும். நெருப்பு வேலைக்கு முன்னால் ஒருவர் இடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷினை ஆன் செய்ய முடியும். இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் கையெழுத்து வாங்க யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தில் உள்ள கேள்விகளை வாயால் கேட்டுக்கொள்ளலாம். வெளிச்சம் யார் கண்ணில் படும்? பொறி எங்கே போய் விழும்? நான் சூடாக்கப் போகும் பொருளுக்கு உள்ளே என்ன இருக்கிறது? புகை எந்தப் பக்கம் போகும்? கேட்க ஒரு நிமிஷம் ஆகாது.

வெளிச்சம்

வெல்டிங் ஆர்க்கிலிருந்து மூன்று வகைக் கதிர்கள் வருகின்றன. கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சம், சூடாகத் தெரியும் அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாத புற ஊதா. கருவிழியின் மேல்தோலைப் புண்ணாக்குவது இந்த மூன்றாவது. படும் நேரத்தில் வலி இருக்காது. ஆறேழு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல் உறுத்தத் தொடங்கும். நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது, இமையைத் திறக்கவே பயமாக இருக்கும். வலி தாமதமாக வருவதால்தான் பகலில் யாரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை. இன்னொன்று, ஒரே நாளில் படுவதெல்லாம் கூட்டிக்கொண்டே போகும். ஒரு டேக்குக்கு ஒன்றும் ஆகாத கண், நாள் முழுக்க நாற்பது டேக் பிடித்தால் தாங்காது.

வந்துவிட்டால் என்ன செய்வது? கண்ணைக் கசக்கக் கூடாது. இருட்டு அறையில் கண்ணை மூடிப் படுத்து, மேலே குளிர்ந்த ஈரத்துணி போடலாம். பெரும்பாலும் ஒன்று, இரண்டு நாளில் ஆறிவிடும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, உருளைக்கிழங்கு வில்லை வைப்பது எல்லாம் பட்டறைக்குப் பட்டறை நடக்கிறது. புண்ணான கருவிழியில் சுத்தமில்லாத எதை விட்டாலும் கிருமி சேரும். அதைவிட ஆபத்தானது மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து. டாக்டர் பரிசோதனைக்காக ஒரு சொட்டு விடுவார், வலி மாயமாக மறையும். அதே பாட்டிலைக் கடையில் வாங்கி வைத்து ராத்திரியெல்லாம் விட்டுக்கொண்டால் புண் ஆறாது, கருவிழி கெட்டே போகலாம். வலி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, பார்வை மங்கினாலோ, ஒரு கண்ணில் மட்டும் உறுத்தல் இருந்தாலோ கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கண் மட்டும் என்றால் இரும்புத் துகள் குத்தியிருக்கலாம்.

ஹெல்பருக்கு என்ன கொடுக்க வேண்டும்? கூடவே நின்று பிடிப்பவருக்கு அவருக்கென்று தனி ஷீல்டு, வெல்டருடையதைப் போலவே கறுப்புக் கண்ணாடி போட்டது. கை இரண்டும் வேலையில் இருப்பதால் கையில் பிடிக்கும் ஷீல்டு அவருக்கு உதவாது, தலையில் மாட்டுவதுதான் சரி. சற்றுத் தள்ளி அளவு எடுப்பவர், கிரைண்டிங் செய்பவர் போன்றவர்களுக்குப் பக்கவாட்டு மூடியுள்ள பாலிகார்பனேட் கண்ணாடி போதும். நிறமில்லாத பாலிகார்பனேட்கூடப் புற ஊதாவை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும், விலையும் குறைவு. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஆர்க்கை நேராகப் பார்க்கக் கூடாது. வெளிச்சம் விழித்திரையைத் தாக்கும். கூலிங் கிளாஸ் இந்தக் கணக்கிலேயே வராது.

ஷீல்டு எது இருந்தாலும், ராடு தொடுவதற்கு முன்னால் வெல்டர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "கண்ணு!" என்று ஒரு சொல் போதும். தலையை மட்டும் ஆட்டி ஷீல்டை இறக்குவது தனியாக வேலை செய்பவருக்குச் சரி.

அடுத்து, தெருவில் போகிறவர்கள். சாலையோரப் பட்டறையில் கேட்டைச் சுவரில் சாய்த்து, சாலைக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தால் வெல்டரின் உடம்பே பாதி வெளிச்சத்தை மறைக்கும். சாலையைப் பார்த்து உட்கார்ந்தால் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்காதே என்றால் இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் வீச்சு நாலில் ஒன்றாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் நம் பட்டறைகள் நடைபாதையிலேயே இருக்கின்றன. ஒரு தடுப்பு வேண்டும். நாலடிக்கு ஆறடியில் ஒரு தகரத்தைச் சட்டத்தில் அடித்துக் கால் வைத்து நிறுத்தினால் போதும், அதற்கான பழைய பைப் பட்டறையிலேயே கிடக்கும். தரையிலிருந்து ஓர் அடி இடைவெளி விட்டால் காற்றும் வரும். தகரத்தின் உட்பக்கத்தையும் பட்டறைச் சுவரையும் பளபளப்பில்லாத பெயின்டால் அடியுங்கள். மினுங்கும் தகரமும் அலுமினியமும் கதிரைத் திருப்பி அடிக்கும். வெல்டரின் ஷீல்டுக்குப் பின்பக்கமாக நுழைவது அப்படித்தான். பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தடுப்பாகக் கட்டுவதுண்டு. பொறி பட்டால் அதுவே எரியும்.

கறுப்புக் கண்ணாடியின் எண் பற்றிக் குழப்பம் நிறைய. கிரில், கேட் வேலைக்கு ஓடும் 12 கேஜ், 10 கேஜ் ராடுகளுக்கு 10 அல்லது 11ஆம் எண் சரி. தடித்த ராடு போட்டு 160 ஆம்பியருக்கு மேல் ஓட்டினால் 12. கேஸ் கட்டிங்குக்கு 3 முதல் 5. கேஸ் கட்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "ரெண்டே டேக்தானே" என்று ஆர்க் அடிப்பவர்களைப் பார்க்கலாம். அது போடாததற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். தானாக இருளும் ஹெல்மெட் வாங்குவதானால் ஐரோப்பியத் தரக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல ஹெல்மெட்டில் கண்ணாடி இருளாத நிலையிலும் புற ஊதாவைத் தடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி போனால் வெளிச்சம் கூசும், ஆனால் கருவிழி தப்பும். குறிப்பே இல்லாத மலிவு சரக்கில் அந்த உத்தரவாதம் கிடையாது.

கான்டாக்ட் லென்ஸ் போட்டவர் ஆர்க்கைப் பார்த்தால் லென்ஸ் கண்ணோடு உருகி ஒட்டிக்கொள்ளும் என்றொரு வதந்தி பல வருஷமாகச் சுற்றுகிறது. அப்படி நடப்பதில்லை. ஷீல்டு போட வேண்டியது மட்டும் எல்லாருக்கும் பொது.

பொறி விழும் இடம்

ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் விமான நிலையத்தில் 1996 ஏப்ரல் 11 அன்று நடந்ததை வெல்டிங் கற்பவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். முனையக் கட்டடத்துக்கு மேலே போகும் சாலையின் இணைப்பு இடைவெளியில் வெல்டிங் நடந்தது. வேலை திறந்த வெளியில்தான். ஆனால் சூடான துளிகள் இடைவெளி வழியாகக் கீழே இறங்கி, உள்கூரைக்கு மேலே இருந்த பாலிஸ்டைரீன் காப்புப் பலகையில் பற்றிக்கொண்டன. மேலே வேலை செய்தவர்களுக்கு நெருப்பு கண்ணில் படவில்லை. கீழே இருந்தவர்களில் 17 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். 2010 நவம்பர் 15இல் ஷாங்காய் நகரில் 28 மாடிக் குடியிருப்பு எரிந்ததற்கும் வெளிச்சாரத்தில் நடந்த வெல்டிங்தான் காரணம். 58 பேர் உயிரிழந்தார்கள்.

இரண்டிலும் நெருப்புப் பிடித்தது வெல்டருக்கு எதிரே இருந்த பொருளில் அல்ல. பொறி உருண்டோடும், விரிசலில் இறங்கும், பைப்பின் ஒரு முனையில் விழுந்து மறுமுனையில் வெளியேறும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 51பி விதி, சுற்றிலும் 35 அடிக்குள், அதாவது 11 மீட்டருக்குள், எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. மாடியில் செய்யும் வேலைக்கு இது கீழ்நோக்கியும் பொருந்தும். உயரம் கூடக் கூடப் பொறி சிதறும் பரப்பும் கூடும்.

நம் ஊர் வேலையில் இது எப்படி இருக்கும்? அபார்ட்மெண்டில் பால்கனி கிரில் பொருத்தப் போகிறீர்கள். கீழ்வீட்டுப் பால்கனியில் துணி காய்கிறது. அதற்கும் கீழே பைக்குகள் நிற்கின்றன, அவற்றில் ஒன்றிரண்டிலாவது பெட்ரோல் கசியும். பக்கத்து வீட்டில் கீற்றுக் கொட்டகையோ பழைய அட்டைப்பெட்டிக் குவியலோ இருக்கும். கட்டுமான இடமாக இருந்தால் சித்தாள் பெண்கள் சிந்தெடிக் சேலையில் சிமெண்ட் சட்டி சுமந்து கீழே நடப்பார்கள். இந்த நாலையும் பார்க்காமல் மெஷினை ஆன் செய்யக் கூடாது. கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா, மேல வெல்டிங் பண்றோம், துணிய எடுத்துக்குங்க, ஜன்னல சாத்திக்குங்க" என்று சொல்வதற்கு ஒரு மரியாதையும் இருக்கிறது, பலனும் இருக்கிறது. வண்டிகளை நகர்த்தச் சொல்லுங்கள். பொறி பட்ட கார் கண்ணாடியில் விழும் புள்ளிகள் தேய்த்தாலும் போகாது. நகர்த்த முடியாததை நனைத்த கோணியாலோ தகரத்தாலோ மூடுங்கள். கீழே ஆள் நடக்கும் இடத்தைக் கயிறு கட்டி மறித்து, ஒருவரை நிறுத்துங்கள்.

அந்த ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெல்டர் ஷீல்டுக்குள் இருக்கும்போது அவருக்குத் தெரிவது ஒரு கைக்குட்டை அகலம்தான். பின்னால் பற்றிக்கொண்டால் அவருக்குத் தெரியாது. ஆகவே நெருப்பைப் பார்ப்பது மட்டுமே வேலையாக ஒருவர், கையில் ஒரு வாளித் தண்ணீரோ தீயணைப்பானோ வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவரிடம் "அந்த பைப்ப எடு, இத வெட்டு" என்று வேறு வேலை ஏவினால் அந்தக் காவல் போயிற்று. வேலை முடிந்தும் அவர் போகக் கூடாது. முன்பெல்லாம் அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்ன 51பி விதி, 2019 பதிப்பில் அதை ஒரு மணி நேரமாக்கியது. காரணம் எளிது: பஞ்சு, மரத்தூள், ஃபோம், கோணி எல்லாம் கனன்றுகொண்டிருந்து தாமதமாகத்தான் கொழுந்துவிடும். மாலை ஐந்து மணிக்குக் கடைசி டேக் அடித்து ஐந்தேகாலுக்கு வண்டியேறுவதுதான் நம் வழக்கம். கடைசி வெல்டிங்கை நாலேகாலுக்கு முடித்துவிட்டுக் கிரைண்டிங் பொறி தெறிக்காத வேலைகளை, பெயின்ட் டச்சப், கூட்டிப் பெருக்குவது, கேபிள் சுற்றுவது போன்றவற்றை, கடைசிக்கு வைத்துக்கொண்டால் அந்த ஒரு மணி நேரம் வீணாகாது.

சூடான இரும்பும் குளிர்ந்த இரும்பும் பார்வைக்கு ஒன்றே. வெல்டு செய்த இடத்தில் சாக்பீஸால் 'சூடு' என்று எழுதுங்கள். புதுக் கேட்டைத் தொட்டுப் பார்க்க முதலில் ஓடி வருவது அந்த வீட்டுக் குழந்தைதான்.

காலி டிரம்

பட்டறைத் தொழிலில் ஆளையே கொல்லும் வேலை எது என்று கேட்டால் பழைய டிரம்மைத்தான் சொல்வேன். காலி டிரம் என்று ஒன்று கிடையாது. திரவம் இருக்காது, ஆவி இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 சதவீதம் கலந்தாலே வெடிக்கும் கலவை ஆகிவிடும். 200 லிட்டர் டிரம்முக்கு அது மூன்று லிட்டருக்கும் குறைவான ஆவி. அவ்வளவு ஆவியைத் தர ஒரு மேசைக் கரண்டி பெட்ரோல் போதும். டிரம்மின் மடிப்பில், அடியோரத்தில் அவ்வளவு தேங்கியிருப்பது கண்ணுக்கே தெரியாது. டீசல் ஆவியாகாது என்று தைரியம் சொல்பவர்கள் உண்டு. சாதாரண வெப்பத்தில் குறைவாகத்தான் ஆவியாகும். டார்ச்சையோ ராடையோ வைத்ததும் உள்ளே ஒட்டியிருக்கும் படலம் சூடாகி ஆவியாகும், அதே நெருப்பே அதைக் கொளுத்தும். தார், சமையல் எண்ணெய், பெயின்ட் தின்னர், பசை, எதன் டிரம்மானாலும் இதே கதைதான்.

இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்தேன், தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், வண்டியின் சைலன்சர் புகையை உள்ளே விட்டேன் என்றெல்லாம் சொல்வார்கள். எதுவும் நம்பத் தகுந்ததல்ல. முறையாகச் செய்வதென்றால் நீராவியாலோ, சோப்பு கலந்த வெந்நீராலோ நன்றாகக் கழுவி, எல்லா மூடியையும் திறந்துவைத்து, வெல்டு செய்யும் இடம்வரை தண்ணீர் நிரப்பி, மேலே மிஞ்சும் காலி இடத்தை மிகக் குறைவாக்கி, வாயு அளக்கும் கருவியால் சோதித்த பிறகே தொட வேண்டும். அந்தக் கருவியும் பழக்கமும் பட்டறையில் இல்லை என்றால் அந்த வேலை உங்களுக்கு உரியதல்ல. அடுப்பு செய்யவோ குப்பைத்தொட்டி செய்யவோ டிரம் வெட்டித் தரச் சொல்லி வருகிறவரிடம், "இது வேணாங்க, புதுத் தகட்டுல பண்ணித் தரேன்" என்று சொல்லுங்கள். ஐந்நூறு ரூபாய் வேலை கைவிட்டுப் போகும், போகட்டும். பைக் பெட்ரோல் டேங்க், லாரி டீசல் டேங்க் இரண்டுக்கும் இதே பதில்.

நாமக்கல், கரூர் பக்கம் லாரி, பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரிம்மில் விரிசல் என்று வெல்டு செய்யச் சொல்வார்கள். டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மைச் சூடாக்கினால் உள்ளே ரப்பர் சிதைந்து எரியும் வாயு உண்டாகி, டயர் குண்டுபோல் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டால் போதாது. டயரை ரிம்மிலிருந்து கழற்றினால்தான் தொடலாம். இரண்டு பக்கமும் அடைத்த பைப்பும் அப்படித்தான். உள்ளே உள்ள காற்றும் ஈரமும் சூடாகி விரிய வழி வேண்டும். ஒரு சிறு துளை போட்டுவிட்டு வெல்டு செய்து, ஆறிய பிறகு துளையை அடையுங்கள்.

புகை

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருள்களில் சேர்த்தது. வெல்டிங்கின் புற ஊதாக் கதிரும் அதே வகுப்பில் இருக்கிறது. சாதாரண எம்.எஸ். இரும்பு என்றாலும் புகை புகைதான்.

ஜி.ஐ. பைப் என்றால் இன்னும் கவனம். துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து வாயில் இரும்புச் சுவை, குளிர், நடுக்கம், காய்ச்சல், மூட்டு வலி எல்லாம் வரும். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போடுவார், ஒன்றிரண்டு நாளில் சரியாகும். ஞாயிறு லீவு விட்டுத் திங்கள் வேலைக்கு வந்தவர்களுக்கு இது அதிகம் வரும். உடம்பு பழகிக்கொண்ட தாங்கும் சக்தி ஒரு நாள் இடைவெளியிலேயே குறைந்துவிடும். பால் குடித்தால் புகை முறியும், வெல்லம் சாப்பிட்டால் முறியும், வாழைப்பழம் சாப்பிட்டால் முறியும் என்கிறார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. முதலாளி வாங்கித் தந்தால் குடியுங்கள், அதை நம்பி மூச்சிழுக்காதீர்கள். செய்ய வேண்டியது, வெல்டு விழும் இடத்தில் இரண்டு அங்குலம் வரை பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, தேய்க்கும்போதும் மாஸ்க் போட்டு, முடிந்த பிறகு துத்தநாகப் பெயின்ட் அடிப்பது.

காட்மியம் முலாம் பூசிய பழைய போல்ட், நட்டுகள் வேறு வகை. அந்தப் புகையும் முதலில் காய்ச்சல்போலத்தான் காட்டும், பிறகு நுரையீரலில் நீர் கோத்து ஆளைக் கொல்லும். வெல்டிங்குக்குப் பின் மூச்சுத் திணறல் வந்தால் வீட்டில் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன பொருளை வெல்டு செய்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். எஸ்.எஸ். வேலையில் குரோமியமும் நிக்கலும் கலந்த புகை. அது உடனே காட்டாது, வருஷக்கணக்கில் வேலை செய்யும். பிரேக் கிளீனர் போன்ற குளோரின் கலந்த கரைப்பான்களால் துடைத்த இரும்பை ஈரம் காயாமல் வெல்டு செய்யவே கூடாது. ஆர்க்கின் வெப்பமும் கதிரும் அந்த ஆவியைப் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக்கும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது.

புகைக்கு முதல் மருந்து, தலையை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான். புகை நேராக மேலே எழும். வேலைக்கு மேலே குனிந்தால் ஷீல்டுக்கு உள்ளேயே அது சேரும். சற்றுப் பின்தள்ளி, பக்கவாட்டில் உட்காருங்கள். ஃபேனை முகத்துக்கு நேராக வைக்காமல் பக்கத்திலிருந்து குறுக்கே வீசும்படி வையுங்கள், அதன் மறுபக்கம் ஹெல்பர் நிற்கிறாரா என்றும் பாருங்கள். உங்கள் புகையை அவர் முகத்துக்கு அனுப்பிவிட்டுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. என்95 மாஸ்க் துகளை வடிகட்டும், வாயுவைத் தடுக்காது.

தண்ணீர் லாரி, சம்ப், கிணறு, பாய்லர் இவற்றுக்குள் இறங்கி வெல்டு செய்வது தனிப் பயிற்சி வேண்டிய வேலை. துருப்பிடித்த மூடிய டேங்க்கில் துருவே ஆக்சிஜனை உறிஞ்சியிருக்கும். ஆர்கான் காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும், வாசனை கிடையாது. உள்ளே மயங்கியவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து சாவதுதான் இத்தகைய விபத்துகளில் வழக்கம். ஆளுக்குக் கயிறு கட்டாமல், மேலே ஒருவர் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே காற்று வரட்டும் என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடவே கூடாது. ஆக்சிஜன் ஊறிய துணியில் ஒரு பொறி போதும், ஆளோடு எரியும். சட்டைத் தூசியை ஆக்சிஜன் ஹோஸால் ஊதிக்கொள்வதும், வெக்கைக்கு உடம்பில் அடித்துக்கொள்வதும் இதே ஆபத்து.

கரண்ட்

ராடு தொடாத நிலையில் மெஷினின் வெளியீட்டில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். குறைவுதானே என்று தோன்றும். சித்திரை வெயிலில் வியர்வையில் நனைந்த கை, வெறுங்காலில் ஈரத் தரை, சாய்ந்திருப்பது இரும்புச் சட்டத்தில் என்றால் அந்த 80 வோல்ட் ஆளைக் கொன்றிருக்கிறது. ராடு மாற்றும்போது வெறுங்கையால் மாற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உலர்ந்த தோல் உறை இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். கீழே ஒரு காய்ந்த மரப்பலகை. ஹோல்டரின் இன்சுலேஷன் உடைந்திருந்தால் டேப் சுற்றாமல் புது ஹோல்டர் வாங்குங்கள்.

லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறோமே என்பார்கள். போட வேண்டியதுதான், பட்டறைக்கு வரும் வயரிலும் மெஷின் உடம்பிலும் கரண்ட் கசிந்தால் அது காப்பாற்றும். ஆனால் ஹோல்டரில் அடிக்கும் ஷாக்குக்கு அது ட்ரிப் ஆகாது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மறுபக்கம் நடப்பது அதற்குத் தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிய தைரியம் வாங்காத பயத்தைவிட ஆபத்து.

ரிட்டர்ன் கிளாம்ப்பை வெல்டு செய்யும் துண்டிலேயே, பக்கத்திலேயே கவ்வுங்கள். தூரத்தில் உள்ள தூணிலோ கட்டடக் கம்பியிலோ மாட்டினால் கரண்ட் தனக்குப் பிடித்த வழியில் திரும்பும். அது பேரிங்காக இருக்கலாம், செயின் பிளாக்காக இருக்கலாம், பக்கத்து வீட்டு எர்த் வயராகவும் இருக்கலாம். வண்டியில் வெல்டு செய்வதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள்.

கேட் எப்படி வருகிறது என்று பார்க்க வரும் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "ஐயா, நெஞ்சில பேஸ்மேக்கர் ஏதும் வச்சிருக்கீங்களா?" இருந்தால் மெஷினுக்கும் கேபிளுக்கும் பக்கத்தில் வர வேண்டாம். கேபிளில் பெரிய ஆம்பியர் ஓடும்போது சுற்றியுள்ள காந்தப்புலம் அந்தக் கருவியைக் குழப்பக்கூடும். வெல்டரும் கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்வதை விட்டுவிட வேண்டும்.

சிலிண்டர், உடை, கிரைண்டர்

கறுப்பு சிலிண்டர் ஆக்சிஜன், மெரூன் அசிட்டிலின். இரண்டும் நிமிர்த்திச் செயினால் கட்டப்பட்டிருக்க வேண்டும். அசிட்டிலினை உள்ளே அசிட்டோனில் கரைத்து வைத்திருக்கிறார்கள். படுக்க வைத்தால் அசிட்டோன் வெளியே வரும். ரெகுலேட்டரில் அசிட்டிலின் அழுத்தம் 1 பாருக்கு மேல் போகக் கூடாது, தானாகவே சிதைந்து வெடிக்கும் குணம் அதற்கு உண்டு. ஆக்சிஜன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ பட்ட கை வைக்காதீர்கள். கசிவைச் சோப்பு நுரையால் பாருங்கள், தீக்குச்சியால் அல்ல. ஹோஸ் இரண்டிலும் பின்பாய்ச்சல் தடுப்பான் பொருத்துங்கள். அசிட்டிலின் சாவியை வால்விலேயே விட்டுவையுங்கள். அவசரத்தில் யாராக இருந்தாலும் மூட முடியும். வீட்டு சமையல் சிலிண்டரைக் கட்டிங்குக்குக் கொண்டுவருவது சட்டப்படியும் தவறு.

உடையில் விதி ஒன்றே: பருத்தி. பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும், உரித்தெடுக்கும்போது தோலும் வரும். கைலியும் செருப்பும் பட்டறைக்கு வெளியே இருக்கட்டும். பேன்ட்டை ஷூவுக்குள் திணிக்காமல் வெளியே விடுங்கள். சட்டைப் பையில் கேஸ் லைட்டர் இருந்தால் எடுத்து வையுங்கள். ஸ்லாக் தட்டும்போது ஷீல்டைத் தூக்கிவிடுகிறோம், அந்த நொடியில்தான் சூடான துண்டு கண்ணுக்குள் பறக்கிறது. ஷீல்டுக்கு உள்ளே ஒரு நிறமில்லாத கண்ணாடி எப்போதும் இருக்க வேண்டும். கிரைண்டரின் கார்டைக் கழற்றாதீர்கள், சின்ன கிரைண்டரில் பெரிய வீல் மாட்டாதீர்கள். வீல் உடைந்தால் சுழலும் தளத்திலேயே பறக்கும் என்பதால் அந்த நேர்கோட்டில் நீங்களும் நிற்கக் கூடாது, மற்றவரையும் நிற்க விடக் கூடாது.

ஏதாவது ஆகிவிட்டால்

தீக்காயத்துக்கு ஓடும் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம். பற்பசை, பேனா மை, மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். மோதிரம், வாட்ச் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள்.

ஷாக் அடித்து விறைத்து நிற்பவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். அதற்காகவே மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ஹெல்பருக்கு வேலைக்கு வந்த முதல் நாளே காட்டி, ஒருமுறை அணைக்கவும் சொல்லிப் பாருங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சழுத்தம் கொடுத்துக்கொண்டே 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். தீ என்றால் 101. கடுமையான ஷாக் அடித்து எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லண்ணே, டீ குடிச்சா சரியாயிடும்" என்று சொல்பவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். இதயத் துடிப்பு தடுமாறுவது வெளியே தெரியாது.